பெட்டிக் காசைக் கேட்ட மகனுக்கு

மகனே,

பம்பாயிலிருந்து நீ போட்ட கார்டு வந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய், ஆபீசில் உனக்கென்று தனி அறை கொடுத்திருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டினேன். உன் அம்மாவுக்கு முகமெல்லாம் பல். கார்டின் கடைசியில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். மாநாட்டில் அப்பா என்ன கற்றுக்கொண்டீர்கள், நம் அடக்கச் சபையில் பேசினீர்களா என்று. இரண்டுக்கும் சேர்த்து இதில் பதில் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் சபைக்காரர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். நீ கேட்டது என் பணத்தை அல்ல, ராயபுரத்து ஜனங்கள் தங்கள் சாவுக்கென்று சேர்த்து வைத்த பணத்தை. அதனால் பதிலும் அவர்களுக்குத் தெரிந்தே வரட்டும். அப்பா கோபத்தில் எழுதுகிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் என்றால் அன்றைக்கே உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு மறுநாள் மறந்திருப்பேன். இது அருவருப்பு.

மாநாட்டுக்கு வரச்சொல்லி நீ கூப்பிட்டபோது நான் பெருமைப்பட்டது உண்மை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற டாலி கிளார்க்குக்கு மவுண்ட் ரோடு பக்கத்துப் பெரிய ஓட்டலில் என்ன வேலை? உன் கம்பெனி பணக்காரர்களின் சொத்தைப் பெருக்கிக் கொடுக்கும் கம்பெனி, அதில் நீ வளர்ந்து வரும் ஆள், உன் தகப்பன் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று சொன்னாய். உன் அம்மா என் கல்யாணச் சட்டைக்கு அப்புறம் எடுத்த ஒரே நல்ல சட்டைக்குக் கஞ்சி போட்டுப் பெட்டி போட்டாள். வாசலில் டாக்ஸியிலிருந்து இறங்கியதும் நீ என் காதில் சொன்னாய்: "அப்பா, யாராவது கேட்டா துறைமுகத்துல ஆபீசர்னு சொல்லுங்க. டாலி கீலின்னு ஆரம்பிச்சுடாதீங்க." நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பிள்ளைக்கு ஒரு கூச்சம், அதை ஏன் பெரிதுபடுத்துவது என்று விட்டுவிட்டேன். அந்தக் கூச்சத்தின் வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மத்தியானத்துக்கு மேல்தான் தெரிந்தது.

முதலில் சந்தையைப் பற்றிப் பேசியவரை உனக்கு ஞாபகம் இருக்கும். மெலிந்த மனிதர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டே பேசினார். விலைவாசி ஏறுகிறதே என்று அழுகிறவன் ஏழையாகவே இருப்பான், எது ஏறுமோ அதை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைத்திருப்பவன் பிழைத்துக்கொள்வான் என்றார். எண்ணெய், பருப்பு, துணி நூல் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, என் பக்கத்தில் இருந்தவர் தங்கப் பேனாவால் குறித்துக்கொண்டார். இந்த மாதம் முழுக்க உன் அம்மா மண்ணெண்ணெய்க் கடையில் டின்னை வரிசையில் வைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு கல்லையும் அடையாளம் வைத்துவிட்டு, வீட்டுக்கும் கடைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள். அந்த டின் ஏன் காலியாகவே திரும்பி வருகிறது என்பதை எனக்கு யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த மண்டபத்தில் ஒருவர் வாயிலும் தட்டுப்பாடு என்ற சொல் வரவில்லை. வாய்ப்பு, வாய்ப்பு என்றுதான் சொன்னார்கள்.

அடுத்தவர் உலக அரசியல் பேசினார். சுவரில் பெரிய வரைபடத்தைத் தொங்கவிட்டு, கோலால் அரபு நாடுகளைத் தட்டிக் காட்டினார். அங்கே சண்டை நடந்தால் எண்ணெய் என்ன ஆகும், கால்வாயை மூடினால் கப்பல் கூலி என்ன ஆகும், அதில் யாருக்கு லாபம் என்று கதை மாதிரி சொல்லிக்கொண்டே போனார். இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது ஓரமாக நிற்கும் மூன்றாவது ஆளாக இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கிரேக்கக் கப்பலில் வந்த சமையல்காரன் ஞாபகம் வந்தது. அவனைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். அவன் ஊர் அந்தக் கால்வாய்க் கரையில். குண்டு விழுந்த சேதி ரேடியோவில் வந்த அன்று, பாறை மாதிரி இருந்த அந்த ஆள் மேல்தளத்தில் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து கையைத் தலையில் வைத்துக்கொண்டு அழுதான். அவன் பாஷை எங்களுக்குத் தெரியாது. சரக்குத் தூக்கும் விஞ்ச்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள், ஒருவன் பீடியைப் பற்றவைத்து அவன் வாயில் வைத்தான். அந்த வரைபடத்தில் அவன் ஊர் ஒரு புள்ளிகூட இல்லை. கோலின் நுனி அதன் மேல்தான் இருந்திருக்கும்.

இதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பணக்காரர்கள் பணக்காரர்களிடம் பேசுகிறார்கள், நமக்கென்ன என்று இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, தலைமை என்ற தலைப்பில் பேச உன் சேர்மன் எழுந்தார். உன் கம்பெனிக்கு மட்டுமல்ல, திருவொற்றியூர் தாண்டி இருக்கும் அந்தத் தொழிற்சாலைக்கும் அவர்தான் முதலாளி. நம் தெருவில் பாதிப் பேர் வேலை செய்த தொழிற்சாலை. சில வருஷங்களுக்கு முன்னால் கேட்டை இழுத்துப் பூட்டி ஜனங்களைப் பட்டினி போட்ட அதே தொழிற்சாலை.

கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் சின்னவர்களில் சிலருக்கு அந்தக் கதை தெரியாது, அதனால் சொல்கிறேன். உனக்குத் தெரியும். என் அக்கா செசிலி, உன் அத்தை, புருஷன் போன பிறகு காசிமேட்டில் மீன் வாங்கிக் கூடையில் விற்றுப் பிழைத்தவள். பிள்ளை இல்லாதவள். உன் அம்மா டைபாய்டில் படுத்த வருஷம் உன்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தகர டப்பாவோடு வீடு வீடாகப் போய்ச் சபைக்குச் சந்தா வாங்குவது அவள் வேலை. நம் ஜனங்களுக்கு அந்தச் சபை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்போது ஒட்டுச் சட்டை போட்டவனும், சாகும்போது வார்னிஷ் அடித்த பெட்டியில், மணி அடித்து, மெழுகுவத்தி பிடித்து, ராஜா மாதிரி கல்லறைக்குப் போக வேண்டும். பாயில் சுற்றிக்கொண்டு போவது என்பது நம் தெருவில் சண்டை முற்றினால் வாயில் வரும் சாபம். அந்தப் பெட்டிக் காசைத்தான் பூட்டு விழுந்த இரண்டாம் மாதம் எடுத்துச் சோறு போடலாம் என்று அக்கா சொன்னாள். சபையில் பெரிய கூச்சல். அவள் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னாத்துக்குக் கத்திக்கினு கீறீங்க? பொட்டி இல்லாங்காட்டி மண்ணு இன்னா உன்னிய வேணாம்னா சொல்லப் போவுது? உசுரோட கீற புள்ளிங்க வவுத்துக்கு இன்னா பதிலு சொல்றே, அத்தச் சொல்லு மொதல்ல!"

யானைக்கவுனி மண்டியிலிருந்து நொய் மூட்டை வந்தது. தெருமுனையில் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். அந்தக் கஞ்சியில் தொழிற்சாலை வேலையாட்கள் தாக்குப்பிடித்தார்கள், நிர்வாகத்திலிருந்து வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் அக்காவுக்கு மார்ச்சளி கண்டது. இனிப் பிழைக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது, ஒரு பெட்டி செய்ய என்னால் முடியும். ஆசாரியிடம் சொல்லிவைக்கக் கிளம்பியவனைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எனுக்கு மட்டும் பொட்டி வந்துச்சுன்னு வெச்சிக்க, நான் வூடு வூடாப் போய் சொன்னதெல்லாம் பொய்யாப் பூடும்டா. பாயே போதும். அத்தப் பாத்தாவது இவனுங்களுக்கு ரோசம் வரட்டும்." அவள் கணக்கு அங்கேதான் தப்பியது. பாயில் போகும் அவளைப் பார்த்து ஜனங்களுக்கு ரோசம் வரவில்லை, பயம் வந்தது. பசியைத் தாங்கியவர்களால் அந்தப் பாயைத் தாங்க முடியவில்லை. அன்று ராத்திரி ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் கேட்டார்கள், நாளைக்கு எங்கம்மாவும் இப்படித்தானா என்று. மறுநாள் காலையில் ஆண்கள் கேட்டில் போய்த் தலையைக் குனிந்து நின்று, முதலாளியின் நிபந்தனைகளை எழுதி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார்கள். அந்தப் பாயின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு கல்லறை வரைக்கும் வந்தவன் நீ. திருச்சிக் காலேஜிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து, குளிக்காமல் கொள்ளாமல், மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நடந்தாய். உன்னைப் பார்த்து நானும் அழுதேன்.

இப்போது உன் சேர்மன் பேசியதற்கு வருகிறேன். "அன்று காலை என் கேட்டில் வந்து நின்றார்கள். என் உறுதிதான் அவர்களை வளைத்தது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்," என்றார் இங்கிலீஷில். "சமீபத்தில் நம் இளைஞர் ஒருவர் உண்மையைச் சொன்னார். என்னை ஜெயிக்கவைத்தது ஒரு பாயாம்!" மண்டபம் சிரித்தது. பிறகு மீன்காரி ஒருத்தி சவப்பெட்டிப் பணத்தைக் கஞ்சியாகக் காய்ச்சிய கதையைச் சொன்னார். மண்ணு வேணாம்னா சொல்லப் போவுது என்று அக்கா கேட்டதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீன்காரி மாதிரி குரலை ஏற்றி. மறுபடியும் சிரிப்பு. "தலைமை என்பது இதுதான் நண்பர்களே. உன் ஆட்கள் பசியைவிட எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள். அதன் பக்கத்தில் போய்ச் சும்மா காத்திரு. அடுத்த தடவை நான் எங்கே காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்." அவ்வளவு கைதட்டல் அன்றைக்கு வேறு யாருக்கும் விழவில்லை.

நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேனே என்று தவிக்கும் ஒரு முகத்தைத் தேடினேன், சத்தியமாகத் தேடினேன். நீ உதட்டுக்குள் அந்த வார்த்தைகளைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாய், எங்கேயாவது விட்டுவிடப் போகிறாரே என்று. சிரிப்பு வந்த இடத்தில் நீயும் சிரித்தாய். கை தட்டினாய். நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது, கீழே சிந்தினால் உனக்கு மானக்கேடு என்று அதைச் சாப்பிட்டு முடித்தேன். என் அக்காவைப் பார்த்துச் சிரித்தவர்களோடு உட்கார்ந்து கிண்ணத்தை வழித்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

வெளியே டாக்ஸிக்கு நின்றபோது நீ சொன்ன சமாதானமும் எனக்கு மறக்கவில்லை. "அப்பா, அத்தை பேரை எங்கயும் சொல்லலியே. எவ்வளவு பெரிய மனுஷங்க முன்னாடி அத்தையோட வாழ்க்கை ஒரு பாடமாயிடுச்சு பாருங்க. இது மரியாதைதானே?" அப்புறம் மூச்சு விடாமல் அடுத்ததைக் கேட்டாய். "சபைப் பணம் போஸ்ட் ஆபீஸ்ல சும்மா கிடக்குது. நம்ம கம்பெனி டெபாசிட்ல போட்டா நல்ல வட்டி வரும். ரிட்டையர் ஆனவங்க பணத்தையும் கொண்டுவரலாம். ஞாயித்துக்கிழமை நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க. சேர்மனே ஆசைப்படுறார்."

ஆசைப்படாமல் என்ன செய்வார்? மகனே, நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இதையெல்லாம் யோசித்துச் செய்திருப்பாய். நீ யோசிக்கவே இல்லை, எனக்கு வெறுப்பு வருவது அதனால்தான். எந்த ஜனங்களை அவர் பூட்டினாரோ அந்த ஜனங்கள் கடைசியாகக் கை வைக்கும் காசு எது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தாய். அதோடு விட்டாயா, அந்தக் காசையே அவர் பெட்டகத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறாய். நாளைக்கு அவர் மறுபடியும் கேட்டைப் பூட்டினால் நாங்கள் கஞ்சிக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும், பெட்டிக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் காத்திருக்க வேண்டிய இடத்தில் நீயே அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிறாய். பெரிய மனிதன் தோளில் கை போட்டால் புல்லரித்துப் போகாதே. அவனுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படு. ஒரு கூட்டம் எதைக் கேட்டுச் சிரிக்கிறது என்று கவனி. அந்தச் சிரிப்பில் உனக்கும் சிரிப்பு வந்தால், உடனே எழுந்து வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொள். மாநாட்டில் நான் கற்றது இவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: பேசினேன். நீ சொல்லச் சொன்னதை அல்ல. வீட்டுக்கு வந்த அன்று உன் அம்மா ஆசையாக, "இன்னா போட்டானுங்க சாப்ட? கோழியா, கறியா?" என்று கேட்டாள். அவளிடம்கூட எதையும் சொல்லாமல் அந்த வாரம் முழுக்க நெஞ்சில் வைத்திருந்தேன். ஞாயிறு சபையில் எழுந்து, ஐஸ்கிரீமையும் விடாமல், நடந்த அத்தனையையும் சொன்னேன். உன் அம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கூச்சல் போடவில்லை. அந்தத் தொழிற்சாலையில் இன்னும் வேலை செய்யும் மைக்கேல் மட்டும் எழுந்தான். நீ மைக்கேல் அண்ணன் என்று கூப்பிடுவாயே, உனக்குச் சைக்கிள் பழக்கியவன். "அன்னிக்கிக் காலீல கேட்டாண்ட மொதல்ல போய் நின்னவன் நாந்தாண்ணே," என்றான். "செசிலியக்கா மூஞ்சிய நெனச்சி இன்னி வரிக்கும் எனுக்குத் தூக்கம் புடிக்கல. அந்த ஆளு அத்தச் சொல்லிச் சிரிச்சிக்கினு கீறானா?" பணம் போஸ்ட் ஆபீசிலேயே இருக்கட்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். ரிட்டையர் ஆனவர்களும் தூக்கினார்கள். உன் சேர்மனிடம் போய்ச் சொல்லிக்கொள்.

அதற்கப்புறம் இன்னொன்றும் நடந்தது. நம் கோயில் பங்கை விட்டு வெளியூர் போனவர்கள் பெயரைச் சபையிலிருந்து எடுத்துவிடுவது நம் வழக்கம். மைக்கேல் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "தம்பி பேர எடுத்துடலாமாண்ணே?" பம்பாய்க்குப் போனதற்காக அவன் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். எடுத்துவிடு என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா எழுந்து வந்துவிட்டாள். அழவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மண்ணெண்ணெய்க்கு வைத்திருந்ததை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"இன்னாத்துக்கு எடுக்கணும்? அவனும் ஒரு நாளு சாவத்தானே போறான்," என்றாள்.

உன் பெயர் சபையில் இருக்கிறது. நீ எங்கே செத்தாலும் உனக்குப் பெட்டி உண்டு, தூக்க இந்தத் தெருவிலிருந்து ஆள் வரும். சந்தாவை உன் அம்மா கட்டுகிறாள். நான் கட்டவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா